நிரபராதி என்று காட்டும் சான்று கைநழுவுவது எப்படி? கைதிகளுக்காக வாதாடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்ட உதவி வழக்குகளை எடுக்கும் இளம் வழக்கறிஞர்களோடு சிறைக்கு மனு பார்க்க, அதாவது கைதிகளைச் சந்திக்கப் போவது என் வழக்கம். வாய்தா தவறாதீர்கள், நகல் மனு போடுங்கள் என்றெல்லாம் அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் என் தலைமுறை ஜூனியர்களாக இருந்தபோது நடந்த சில பிழைகள் இன்றும் அப்படியே நடக்கின்றன. அதற்கான விலையைக் கொடுப்பவர் உள்ளே இருப்பவர்.

குற்றப்பத்திரிகை வரட்டும் என்று காத்திருப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

வழிப்பறி வழக்கில் கைதான ஓர் இளைஞர், சம்பவ நேரத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்ததாக முதல் சந்திப்பிலேயே வழக்கறிஞரிடம் சொல்லியிருக்கிறார். கல்லாவுக்கு மேலே கேமரா இருந்ததையும் சொல்லியிருக்கிறார். வழக்கறிஞர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார், அதோடு சரி. குற்றப்பத்திரிகை வந்து, நகல் வாங்கி, குறுக்கு விசாரணைக்குத் தயாராகும்போதுதான் பேக்கரிக்குப் போனார்கள். "அப்பவே வந்திருந்தா எடுத்துக் குடுத்திருப்பேனே சார்" என்றார் கடைக்காரர். டிவிஆரில், அதாவது கேமராப் பதிவுக் கருவியில், பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறி எவ்வளவோ நாளாகியிருந்தது. கடை கேமராக்கள் பலவற்றில் பதிவு சில வாரங்களுக்கு மேல் தங்காது.

ஏன் அப்போதே மனு போடவில்லை என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "நம் தரப்பு ஆவணத்தை இந்தக் கட்டத்தில் கேட்க முடியாதே சார்." 2004-இல் தேபேந்திரநாத் பாதி வழக்கில், நீதிமன்றம் குற்றச்சாட்டு வனையும் (முறைப்படி பதிவு செய்யும்) கட்டத்தில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தன் தரப்பு ஆவணங்களைச் சாதாரணமாக வரவழைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் ஆவணத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யச் சொல்வது வேறு, அது அழியாமல் பாதுகாக்கச் சொல்வது வேறு. ரிமாண்ட் ஆன வாரத்திலேயே, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவைக் காட்டிப் பாதுகாப்பை மட்டும் கேளுங்கள். எந்தக் கேமரா, எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று மனுவில் துல்லியமாக எழுதுங்கள். அன்றைக்கே கடைக்காரருக்கும் விசாரணை அதிகாரிக்கும் பதிவுத் தபால் அனுப்புங்கள். டிவிஆர் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வித்தியாசம் போதும், அரசுத் தரப்பு முழுப் பதிவையும் உடைத்துவிடும். பதிவு கைக்கு வரும்போதே புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணுச் சான்றுக்கான சான்றிதழையும் வாங்கிவிடுங்கள். இப்போது அதில் இரண்டு பகுதிகள் உண்டு, இரண்டாவதில் நிபுணர் கையெழுத்திட வேண்டும்.

செல்போன் அழைப்பு விவரப் பதிவுகளுக்கும் ஆயுள் உண்டு. தொலைத்தொடர்பு உரிம விதிகளில் வந்த 2021 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு செல்போன் நிறுவனங்கள் அவற்றை இரண்டு ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும். ஒரு கொலை வழக்கு சாட்சி விசாரணைக்கு வருவதற்குள் அந்தக் காலம் ஓடிவிடலாம். விசாரணையின்போது கைப்பற்றப்பட்ட பதிவுகளை நிறுவனங்கள் தனியே பாதுகாக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் கட்சிக்காரரைக் காப்பாற்றக்கூடிய பதிவைப் போலீஸ் கைப்பற்றியே இருக்காது. அதனால் அந்தப் பாதுகாப்பும் அதற்குக் கிடையாது.

"இரவு பத்து மணிக்கு ரோட்டில் பிடித்தோம்" என்று எழுதப்பட்டவர், காலையிலிருந்தே ஸ்டேஷனில் உட்கார வைக்கப்பட்டிருந்ததாகச் சொல்கிறாரா? உச்ச நீதிமன்றத்தின் பரம்வீர் சிங் சைனி தீர்ப்பின்படி காவல் நிலையக் கேமராப் பதிவுகள் 18 மாதம் இருக்க வேண்டும், எப்படியும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. பெயில் மனு போடும் நாளிலேயே இதற்கும் ஒரு மனு போடுங்கள்.

போலீஸ்காரரின் முழு அழைப்புப் பட்டியலையும் கேட்பது

போலீஸ்காரர் தான் சொன்ன இடத்தில் இல்லை என்று காட்ட இதைக் கேட்பார்கள். தள்ளுபடியாகும். சுரேஷ் குமார் வழக்கில், போலீஸ்காரர்கள் யாரிடம் பேசினார்கள் என்ற விவரத்தை மறைத்துவிட்டு டவர் இருப்பிடத்தை மட்டும் எதிரிக்குத் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். நீங்களும் டவரை மட்டும் கேளுங்கள்.

கேஸ் டைரி கேட்டு மனு போடுவது

கேஸ் டைரி என்பது விசாரணை அதிகாரியின் அன்றாடக் குறிப்பேடு. கிடைக்காது. அதற்குப் பதிலாக, போலீஸ் கைப்பற்றிவிட்டுக் குற்றப்பத்திரிகையில் சேர்க்காமல் விட்டவற்றின் பட்டியலைக் கேளுங்கள். அதை எதிரிக்குத் தர வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாதகமான சான்று பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் கிடக்கும்.

டிஎன்ஏ அறிக்கையின் முடிவை மட்டும் படிப்பது

மாதிரியை யார் எடுத்தார், எங்கே வைத்தார்கள், ஆய்வகத்துக்கு என்றைக்குப் போனது என்று தேடுங்கள். 2011-இல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றவரை, 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. டிஎன்ஏ மாதிரிகளைக் கையாண்டதில் இருந்த குறைகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், கைமாறும் ஒவ்வொரு கட்டமும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று அதே தீர்ப்பு உத்தரவிட்டது. இனி வரும் வழக்குகளில் அந்தப் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள்.

தீர்ப்பின் கடைசிப் பத்தியைத் தாண்டிப் போவது

தண்டனை என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் வழக்குக் கட்டை மூடிவிடுகிறார்கள். கடைசியில் ஒரு வரி இருக்கும்: வழக்குச் சொத்துகள் மதிப்பற்றவை, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும். ரத்தக்கறை படிந்த சட்டையும் கூந்தல் இழையும் அதில் அடங்கும். தண்டனைக்குப் பிறகு டிஎன்ஏ சோதனை கேட்க நம்மிடம் தனிச் சட்டம் கிடையாது. சுரக்ஷா சன்ஹிதாவின் 432-ஆம் பிரிவில், மேல்முறையீட்டில் கூடுதல் சான்று கேட்கலாம், ஆனால் சோதிக்கப் பொருள் மிஞ்சியிருக்க வேண்டுமே! மேல்முறையீடு தாக்கலாகும் அன்றே, அந்தப் பொருட்களை அழிக்கத் தடை கேட்டுத் தனி மனு ஒன்றும் போடுங்கள். தடை உத்தரவின் நகலை விசாரணை நீதிமன்றத்தின் சொத்துப் பிரிவு எழுத்தரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.