வீட்டிலேயே குட்டித் திருவிழா: எங்கெங்கே சொதப்புகிறோம்?

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போய்வந்த பிள்ளைகள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மொட்டைமாடியில் கடை போடத் துடிப்பார்கள். நல்ல விஷயம்தான், பெரிய செலவும் இல்லை. ஆனால் உதவிக்கு வரும் பெரியவர்கள், திருவிழாக் கடையை அப்படியே காப்பியடிப்பதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது. நாம் தோற்றால்தான் அந்தக் கடைக்காரருக்குப் பிழைப்பு. அதனால் வளையம் பொருளைவிட ஒரு நூல் அளவுக்குத்தான் அகலமாக இருக்கும். வீட்டில் அந்தக் கணக்கு எதற்கு? மூன்று முறை எறிந்தால் ஒன்றாவது விழ வேண்டும். அப்போதுதான் ஐந்து வயதுக் குழந்தை திரும்பவும் வரிசையில் வந்து நிற்கும்.

வளையம் போடும் விளையாட்டுக்குப் பழைய வளையல்களை எடுத்துக் கொடுப்பது வழக்கம். 2-6 அளவு வளையலின் உள்விட்டம் சுமார் 6 செ.மீ.தான். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் மாட்டும், அதற்குக் கீழே இறங்காது. பிளாஸ்டிக்கோ உலோகமோ, பாட்டிலில் பட்டதும் துள்ளி ஓடிவிடும். கண்ணாடி வளையல் பேச்சே வேண்டாம். நாளிதழை முறுக்கி 15 செ.மீ. அகல வளையமாக ஒட்டி, மேலே பழைய துணியைச் சுற்றிவிட்டால் துள்ளாது. பாட்டிலைக் காலியாக நிறுத்தினால் லேசாகப் பட்டாலே சாயும். அதற்காக முழுக்க நிரப்பவும் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு மணல் போட்டால் எடை அடியில் தங்கி நன்றாக நிற்கும்.

கப் கோபுரம் அடிப்பதில் எதிரி காற்று. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், காகிதக் கப் எம்மாத்திரம்! மூன்று, இரண்டு, ஒன்று என்று அடுக்கி, அடிவரிசையில் மட்டும் ஆளுக்கொரு கூழாங்கல் போடுங்கள். எல்லாக் கப்பிலும் போட்டால் பந்து பட்டாலும் அசையாது, மறுபடி அந்தக் கடைக்காரர் கதைதான். பந்துக்கு ஒரு ஜோடி சாக்ஸைச் சுருட்டிக்கொண்டால் போதும், தெருவரை உருண்டு ஓடாது. பின்னால் ஒரு பழைய சேலையைக் கட்டுங்கள். கீழ்ப்பக்கத்தை இழுத்துக் கட்டாமல் தொங்கவிட்டால், பந்து வேகம் செத்து அங்கேயே விழும்.

ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி கிரேட்டுக்குப் பஞ்சமில்லை. அதைச் சாய்த்து வைத்துப் பந்து போடச் சொன்னால், உள்ளே விழுந்த ரப்பர் பந்து அடியில் மோதி வெளியே வந்துவிடும். நியாயமாகப் போட்ட பிள்ளை அழத்தான் செய்யும். அடியில் ஒரு கோணிச் சாக்கை மடித்துப் போட்டால் தீர்ந்தது. எல்லா வயதுக்கும் ஒரே கோடு போடுவதும் இதே மாதிரி அநியாயம். கோலமாவில் மூன்று கோடு போட எவ்வளவு நேரமாகும்?

சரி, இனி வருவதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தர்மபுரிப் பக்கம் புளி தட்டும் வீடுகளில் புளியங்கொட்டை குவிந்து கிடக்கும். டோக்கனுக்கு அதைத்தான் கை தேடும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை கூட்டத்தில் இருந்தால் கூடவே கூடாது. வாயில் போகும், மூக்கிலும் போகும். பாட்டில் மூடியும் அவர்கள் தொண்டையை அடைக்கும் அளவுதான். உள்ளங்கை அகல அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். மீன்பிடி விளையாட்டுக்குச் சின்னக் காந்தம் வாங்குவது அதைவிட மோசம். இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால், குடலின் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டையே போட்டுவிடும், அறுவைச் சிகிச்சை வரை போகும். காந்தம் இல்லாமலும் மீன் பிடிக்கலாம். அட்டை மீனுக்கு ஒரு பெரிய கயிற்றுக் காது, தூண்டிலுக்குத் திரைச்சீலை மாட்டும் பிளாஸ்டிக் கொக்கி. பலூன் வைத்தால் ஊசி அம்பு வேண்டாம், உட்கார்ந்து உடைக்கட்டும். உடைந்த துண்டுகளை உடனே பொறுக்கிவிட வேண்டும், அதுவும் தொண்டையில் சிக்கும்.

பரிசாக ஒரே ஒரு பெரிய பொம்மையை நடுவில் வைத்தால் விளையாட்டு சண்டையாகிவிடும். சீசன் என்றால் உப்பு மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்க் கீற்று போதும், ஜெயித்தாலும் தோற்றாலும் எல்லோருக்கும். அப்புறம், பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விளையாட்டு வைத்தால் பாதி நேரம் வரிசையிலேயே போய்விடும். மூன்று விளையாட்டாவது வேண்டும். பெரிய பிள்ளைகளை மாற்றி மாற்றிக் கடைக்காரர் ஆக்குங்கள், பலருக்கு எறிவதைவிட அதுதான் பிடிக்கும்.