பைனாகுலரில் ஒரு பொட்டு நகப்பூச்சு

பைனாகுலரின் டயாப்டர் வளையத்தை (பெரும்பாலும் வலது கண் பக்கம் இருக்கும்) உங்கள் கண்ணுக்குச் சரியாக வைத்ததும், வளையத்திலும் அதை ஒட்டிய குழலிலும் நேருக்கு நேராக ஒரு பொட்டு நகப்பூச்சு வைத்துவிடுங்கள்.

இரண்டு கண்களின் பார்வையும் பலருக்கு ஒன்றுபோல இருப்பதில்லை. அந்த வித்தியாசத்தை ஈடுகட்டத்தான் இந்த வளையம். பையில் உரசியோ, வேறொருவர் வாங்கிப் பார்க்கும்போதோ அது நகர்ந்துவிடும். அப்புறம் நடுவில் உள்ள ஃபோகஸ் சக்கரத்தை எவ்வளவு திருகினாலும் ஒரு கண்ணுக்குத் தெளிவு, மறு கண்ணுக்கு மங்கல்தான். புதருக்குள் தத்தித் திரியும் கதிர்க்குருவி நீங்கள் வளையத்தை மறுபடி சரிசெய்யும்வரை காத்திருக்காது. பொட்டு இருந்தால் ஒரே திருப்பில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம்.

பூட்டு உள்ள வளையத்துக்கு இது தேவையில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலோ, அதன் பவர் மாறினாலோ பழைய பொட்டு பொருந்தாமல் போகலாம்; புதிதாகச் சரிசெய்துகொள்ளுங்கள்.