எச்டிஎம்ஐ கேபிளுக்கு எவ்வளவு செலவிடலாம்?

வேலூர் ஆபீசர்ஸ் லைனிலோ காட்பாடியிலோ பெரிய தொலைக்காட்சி ஒன்றை வாங்கிப் பில் போடும் நேரத்தில், தங்க முலாம் பூசிய முனைகளும் நூல் பின்னிய உறையும் கொண்ட ஓர் எச்டிஎம்ஐ கேபிளை, அதாவது படத்தையும் ஒலியையும் சேர்த்துத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோகும் ஒயரை, விற்பனையாளர் எடுத்து வைப்பதுண்டு. "இவ்வளவு விலைக்கு டிவி எடுத்துட்டு சாதா ஒயரா சார் போடுவீங்க?" என்ற கேள்வியும் கூடவே வரும். தொலைக்காட்சிக்கும், படத்தை அனுப்பும் செட்டாப் பாக்ஸ், விளையாட்டுப் பெட்டி போன்ற பெட்டிக்கும் இடையே இரண்டு மீட்டர்தான் தூரம் என்றால், ஆமாம், சாதாரணக் கேபிளே போதும் என்று தயங்காமல் சொல்லலாம். புரொஜெக்டருக்காகப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் சுவருக்குள் ஓடவேண்டும் என்றால் கணக்கு வேறு. அங்கே பணம் செலவிடுவது நியாயம்தான், ஆனால் அதற்கான காரணம் கடைக்காரர் சொல்வது அல்ல.

விலை கூடினால் படம் கூடும் என்ற நம்பிக்கை பழைய அனலாக் காலத்திலிருந்து வந்தது. மஞ்சள் பின் வழியாகவும், பின்னர் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பின்கள் வழியாகவும் படம் போன நாட்களில், மோசமான கேபிள் படத்தை மங்கலாக்கியது, நிழல் விழச்செய்தது. நல்ல கேபிளின் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. 2002 இறுதியில் வெளிவந்த எச்டிஎம்ஐ அப்படி இயங்குவதில்லை. அதில் போவது பூஜ்யமும் ஒன்றுமாகிய எண்கள். அவை சரியாகப் போய்ச் சேர்ந்தால் இருநூறு ரூபாய்க் கேபிளிலும் இருபதாயிரம் ரூபாய்க் கேபிளிலும் ஒரே படம்தான் வரும். சேராவிட்டால் திரையில் வெண்புள்ளிகள் மின்னும், படம் விட்டுவிட்டு வரும், அல்லது திரை கறுத்துப்போகும். "கறுப்பு இன்னும் ஆழமாகத் தெரியும், தோல் நிறம் இயல்பாக வரும்" என்று ஒருவர் கேபிளைப் பற்றிச் சொன்னால், அது தொலைக்காட்சித் திரையைப் பற்றிச் சொல்லவேண்டிய பேச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள். தங்க முலாம் முனையைத் துருவிலிருந்து காக்கும். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

வாங்கும்போது பார்க்கவேண்டியது வேகப் பிரிவு. முழு எச்டி படம், அதாவது 1080 வரி, விநாடிக்கு 60 சட்டகம் (ஃபிரேம்), விநாடிக்கு ஏறத்தாழ 4.5 கிகாபிட், அதாவது 450 கோடி பூஜ்ய-ஒன்றுகள், கேட்கும். முழு எச்டியைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே படம் 60 சட்டகத்தில் ஓடினால் ஏறத்தாழ 18 கிகாபிட் வேண்டும். திரைப்படங்கள் பெரும்பாலும் 24 சட்டகம் என்பதால், 4கே ஆனாலும் அதில் பாதியளவே போதும். ஆக, பிரீமியம் ஹை ஸ்பீடு என்று சான்று பெற்ற 18 கிகாபிட் கேபிள் பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானது. புதிய பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற விளையாட்டுப் பெட்டிகளில் 4கே படத்தை 120 சட்டகத்தில் ஓட்டுபவர்களுக்கு மட்டும் 48 கிகாபிட் தாங்கும் அல்ட்ரா ஹை ஸ்பீடு தேவை. பிளேஸ்டேஷன் 5 வரும் அட்டைப் பெட்டிக்குள் அந்தக் கேபிள் ஏற்கெனவே இருக்கிறது என்பதை வாங்குபவர்கள் பலர் கவனிப்பதில்லை. அட்டையில் "2.1 கேபிள்" என்று அச்சிட்டிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யவேண்டாம், ஏனெனில் அந்தப் பதிப்பு எண்கள் கருவிகளுக்கு உரியவை; கேபிளுக்கு மேற்சொன்ன பிரிவுப் பெயர்தான் அடையாளம். சான்று பெற்ற கேபிளின் அட்டையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை, எச்டிஎம்ஐ நிறுவனத்தின் சான்றுச் செயலியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கலாம். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கினாலும், ஆரணியில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் வாங்கினாலும் இந்த ஒரு சோதனையை விடாதீர்கள்.

தொலைக்காட்சிக்குள்ளேயே இருக்கும் செயலிகளில் மட்டும் படம் பார்ப்பவருக்குப் படத்துக்கென்று கேபிளே வேண்டாம்.

இனி நீளம். உண்மையான சிக்கல் தொடங்குவது இங்கேதான். செம்புக் கம்பியில் தூரம் கூடக்கூட, வேகமான சைகை (சிக்னல்) தேய்ந்துகொண்டே போகும். 48 கிகாபிட்டுக்குச் சாதாரணச் செம்புக் கேபிள் மூன்று, மிஞ்சினால் ஐந்து மீட்டர் வரைதான் நம்பத்தக்கது. 18 கிகாபிட்டுக்குச் சற்றுக் கூடுதலாகப் போகலாம், அப்போதும் கம்பி தடிமனாக இருக்கவேண்டும். அதற்கு மேல், கண்ணாடி இழை வழியாக ஒளியாய் அனுப்பும் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிளே சரி. சத்துவாச்சாரியிலும் காந்தி நகரிலும் தனி வீடு கட்டுபவர்கள், மாடி அறையின் ஒரு மூலையில், பெட்டியிலிருந்து வருவதை வாங்கி ஒலியை ஸ்பீக்கருக்கும் படத்தைத் திரைக்கும் அனுப்பும் ஆம்ப்ளிஃபயரை வைத்து, எதிர்ப்பக்கக் கூரையில் புரொஜெக்டரைத் தொங்கவிடுகிறார்கள். தரையிலிருந்து ஏறி, கூரையைக் கடந்து, இறங்கும் பாதையை அளந்தால், அறை சிறியதாக இருந்தாலும் பத்து மீட்டரைத் தாண்டிவிடும். அந்த இடத்தில் கூடுதல் விலை கொடுப்பதில் தவறே இல்லை. ஆப்டிகல் கேபிளுக்குத் திசை உண்டு: ஒரு முனையில் சோர்ஸ் என்றும் மறுமுனையில் டிஸ்ப்ளே என்றும் எழுதியிருக்கும், மாற்றிப் போட்டால் படம் வராது. கூர்மையாக மடக்கினால் உள்ளிருக்கும் இழை முறிந்துவிடும்.

கேபிளைவிட அதற்கான பைப்பைப் பற்றி அதிகம் யோசிக்கவேண்டும் என்பது என் எண்ணம். மின்கம்பிகளுக்காகச் சுவரில் பதிக்கும் முக்கால் இஞ்ச் பைப்பில் எச்டிஎம்ஐ கேபிளின் தலை நுழையாது. ஒரு இஞ்ச் பைப்பில் நுழைந்தாலும் வளைவில் சிக்கிக்கொள்ளும். ஆகவே கொத்தனார் பூசுவதற்கு முன்பே ஒன்றரை இஞ்ச் பைப்பை, மின்கம்பிப் பைப்பிலிருந்து தள்ளி, சட்டென்று திரும்பும் எல்போ இல்லாமல், மெல்ல வளையும் அகலமான பெண்டுகளோடு பதிக்கச்சொல்லி, உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள். 2013-இல் 18 கிகாபிட் வந்தது, 2017-இல் 48 ஆனது, 2025-இல் 96 கிகாபிட்டுக்கான வரையறை வந்துவிட்டது. சுவருக்குள் நிரந்தரமாகப் புதைத்த கேபிள் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் ஒருநாள் பழசாகும், கயிறு கிடக்கும் பைப் மட்டும் அடுத்த கேபிளுக்கும் உதவும்.

கேபிளை உள்ளே இழுப்பதற்கு முன், தரையில் விரித்துப்போட்டுச் சோதிப்பது கட்டாயம். தொலைக்காட்சியின் அமைப்புகளில் அந்தக் குறிப்பிட்ட எச்டிஎம்ஐ துளைக்கு என்ஹான்ஸ்டு என்றோ அதுபோன்ற வேறு பெயரிலோ இருக்கும் தேர்வை இயக்குங்கள். பல தொலைக்காட்சிகளில் அது அணைந்தே வரும், அதனால் வெளிச்சமும் இருளும் கூடுதல் வேறுபாட்டோடு தெரியும் எச்டிஆர் படம் வராமல் போக, பழி கேபிள் மேல் விழும். பிறகு உங்கள் பெட்டி தரக்கூடிய மிக உயர்ந்த தரத்தில், இருண்ட காட்சிகள் நிறைந்த படம் ஒன்றை முழுதாக ஓட்டி, வெண்புள்ளி, நொடிநேரக் கறுப்பு, ஒலித் தடங்கல் ஆகியவை வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால், நடுவே ஆம்ப்ளிஃபயரை விலக்கிப் பெட்டியை நேராகத் திரையோடு ஒரு குட்டைக் கேபிளால் இணைத்துப் பாருங்கள். குட்டைக் கேபிளில் குறை மறைந்தால், அடுத்து ஆம்ப்ளிஃபயரை மீண்டும் சேர்த்து, அந்தக் குட்டைக் கேபிளோடேயே ஓட்டுங்கள். அப்போதும் படம் சுத்தமாக வந்தால் மட்டுமே நீளக் கேபிளைக் கடையில் திருப்பிக் கொடுக்கவேண்டும். குறை அப்படியே இருந்தால் இன்னொரு கேபிள் வாங்குவது வீண். பெட்டியின் தரத்தை ஒரு படி குறைத்தோ, துளையை மாற்றியோ, மென்பொருளைப் புதுப்பித்தோ பார்க்கவேண்டும்.