சிபேப் மெஷின் பரணுக்குப் போவது எப்படி

எங்கள் அண்ணன் வீட்டுப் பரணில் கொலு பொம்மைப் பெட்டிக்கும் ஓடாத மிக்ஸிக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பை நாலு வருடமாகக் கிடந்தது. உள்ளே சிபேப் மெஷின், தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி. வாங்கிப் பத்தொன்பது நாள் போட்டார், அப்புறம் "நமக்கு ஒத்துவரலை" என்று மேலே ஏற்றிவிட்டார். போன வருடம் எனக்கும் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் என்று தெரிந்தபோது அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, "புதுசா வாங்காதே, என்னுடையதையே எடுத்துக்கோ." அதுவும் ஒரு தவறுதான், பிறகு சொல்கிறேன்.

மெஷினைக் கைவிட்ட ஏழெட்டுப் பேரிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். மெஷின் பழுதாகி விட்டவர் அதில் ஒருவரும் இல்லை. மாத்திரை வாங்குவது போல நினைத்து இதை வாங்குகிறோம், பணம் கட்டியாச்சு, இனி அது பார்த்துக்கொள்ளும் என்று. உண்மையில் இது செருப்பு வாங்குவது போல. முதலில் கடிக்கும், அளவு மாற்ற வேண்டும், கடைக்குத் திரும்பப் போக வேண்டும். போகாதவர்களின் மெஷின்தான் பரணுக்குப் போகிறது.

தவறுகள் வாங்குவதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகின்றன. என் விஷயத்தில் பெரிய தவறு, குறட்டை என்றாலே குண்டான ஆம்பளைக்கு வருவது என்று வீட்டில் எல்லோரும் (நானும்தான்) நம்பியது. காலையில் எழுந்தால் தலைவலி, பள்ளியில் பேப்பர் திருத்தும்போது பேனா கையிலிருந்து நழுவும், இரவில் மூன்று தடவை பாத்ரூம். தைராய்டு பார்த்தோம், சர்க்கரை பார்த்தோம், ரத்தசோகை பார்த்தோம். மாதவிலக்கு நிற்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். நான் குறட்டையே விடுவதில்லை என்று கணவர் சத்தியம் செய்தார், அவர் எனக்கு முன்னால் தூங்கி எனக்குப் பின்னால் எழுகிறவர், அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்து வரிசையாகப் படுத்திருந்தபோதுதான் சித்தி பார்த்திருக்கிறார், நான் குறட்டை விட்டு, சட்டென்று நிறுத்தி, மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு திணறிக்கொண்டு இழுப்பதை. பயந்துபோய் உலுக்கி எழுப்பிவிட்டார்.

அந்த நிசப்தம்தான் நோய். சத்தம் இல்லை. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை நம்மை அரைகுறையாக எழுப்பி மூச்சு விட வைக்கிறது, நமக்கு அது நினைவிலேயே இருப்பதில்லை. 10 நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் ஒன்று என்று எண்ணுவார்கள். எனவே டாக்டரிடம் போகும்போது "குறட்டை விடுறேன்" என்று மட்டும் சொல்லாமல், மூச்சு நிற்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், செல்போனில் பதிவுசெய்து கொண்டுபோனால் இன்னும் நல்லது. மருத்துவர்கள் கேட்கும் ஸ்டாப்-பேங் என்ற எட்டுக் கேள்விப் பட்டியலில் ('ஆம்' கூடினால் சந்தேகம் கூடும்) பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 35-க்கு மேலா என்று ஒரு கேள்வி, ஆணா என்று ஒரு கேள்வி. ஒல்லியான பெண்ணுக்கு அதில் இரண்டு மதிப்பெண் தொடக்கத்திலேயே போய்விடும். நம் ஊர்க்காரர்களுக்குத் தாடை, தொண்டை அமைப்பினால் பெரிய எடை இல்லாமலும் இது வருகிறது. ரத்த அழுத்தம் இரண்டு மூன்று மாத்திரைக்கும் அடங்காமல் இருந்தாலும் இதைச் சந்தேகப்பட வேண்டும்.

இதற்கிடையில் பலர் செய்யும் ஒரு காரியம் ஆபத்தானது: தூக்கம் சரியில்லை என்று மருந்துக்கடையில் அல்பிரசோலம் மாதிரி தூக்க மாத்திரை ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்வது. அது தொண்டையை இன்னும் தளர்த்தும், விழித்துக்கொள்ளும் மூளையை மந்தமாக்கும். சாராயமும் அதே வேலையைத்தான் செய்கிறது.

சரி, பரிசோதனை. வீட்டிலேயே விரலிலும் மூக்கிலும் மாட்டிக்கொண்டு படுக்கிற சோதனை வசதியானது, பெரும்பாலோருக்குப் போதும். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் மூளை அலையைப் பதிவதில்லை, எனவே நீங்கள் தூங்கினீர்களா, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தீர்களா என்று அவற்றுக்குச் சரியாகத் தெரியாது. ஓர் இரவில் 120 தடவை மூச்சு தடைபட்டது, கருவி 8 மணி நேரம் ஓடியது என்றால் மணிக்கு 15 என்று கணக்கு வரும். நிஜமாகத் தூங்கியது 5 மணி நேரம் என்றால் அது 24. இந்த எண்ணுக்குத்தான் ஏ.ஹெச்.ஐ. என்று பெயர்: 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. ஆகவே வீட்டுச் சோதனையில் 'நார்மல்' என்று வந்து, தொந்தரவு மட்டும் அப்படியே இருந்தால் விட்டுவிடாதீர்கள், ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்யும் முழுச் சோதனையைக் கேளுங்கள். என் முதல் சோதனை 4 என்று வந்தது. "ஒண்ணுமில்லை" என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்து ஏழு மாதம் வீணாக்கினேன். முழுச் சோதனையில் 27.

மெஷின் வந்ததும் வீட்டில் கிளம்பும் பேச்சு இன்னொரு வகை. ஆக்சிஜன் மெஷின் வரைக்கும் போயிடுச்சா என்று என் மாமியார் அழுதே விட்டார். கொரோனா சமயத்தில் ஆஸ்பத்திரிகளில் இதே பெயரைக் கேட்டுப் பயந்தவர்கள் நாம், அவரைக் குறை சொல்ல முடியாது. இதில் ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் இல்லை. அறைக் காற்றைத்தான் கொஞ்சம் அழுத்தி உள்ளே அனுப்புகிறது, அந்தக் காற்று தொண்டையை மூடவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவே. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் வேக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்து இதைச் செய்து பார்த்து 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அதற்கு முன் நோய் முற்றியவர்களுக்கு இருந்த வழி கழுத்தில் துளை போடுவது. மூக்கில் ஒரு குழாய் அதைவிடத் தேவலை இல்லையா?

மாஸ்க்தான் இதில் முக்கால்வாசி விஷயம், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். எல்லோரும் மெஷினின் பிராண்டை அலசி ஆராய்ந்துவிட்டு, மாஸ்க்கைக் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வருகிறார்கள். மூக்குத்துளையில் உட்காரும் பில்லோ வகை, மூக்கை மூடுவது, மூக்கும் வாயும் சேர்த்து மூடுவது என்று மூன்று இருக்கிறது, ஒவ்வொன்றிலும் அளவுகள் இருக்கின்றன. உட்கார்ந்தபடி போட்டுப் பார்த்தால் எல்லாம் பொருந்தும். படுத்து, மெஷினை ஓடவிட்டு, ஒருக்களித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். காற்று கசிந்தால் எல்லோரும் பட்டையை இறுக்குவார்கள், இறுக்க இறுக்க ஓரங்களில் உள்ள சிலிக்கோன் மடங்கி இன்னும் கசியும், மூக்குத்தண்டில் புண் வரும். தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக இழுத்து, காற்றில் உப்பவிட்டு மறுபடி உட்காரவைக்க வேண்டும். தலைக்கு எண்ணெய், முகத்துக்கு க்ரீம் என்று பூசிக்கொண்டு படுத்தால் சிலிக்கோன் வழுக்கும், சீக்கிரம் கெட்டும்போகும். படுக்கும் முன் முகம் கழுவுங்கள். கொண்டை போட்டுக்கொண்டு படுப்பவர்கள் அதைக் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பட்டை உட்காராது. மூக்குத்தியைப் பற்றி எந்தக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை. பில்லோ வகை போட்டபோது என் மூக்குத்தியின் திருகு உள்ளே குத்தி இரண்டாம் நாளே ரத்தம். இரவில் கழற்ற மனசில்லை, மூக்கு முழுவதையும் வெளியிலிருந்து மூடும் வகைக்கு மாறினேன், சரியாகிவிட்டது.

காலையில் வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதா? வாய் திறந்து காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம். உடனே வாய்க்கு டேப் ஒட்டுவதைப் போன்ற இணைய வைத்தியத்தில் இறங்க வேண்டாம். மூக்கடைப்பு இருக்கிறதா என்று ஈ.என்.டி. மருத்துவரிடம் காட்டுங்கள், இல்லாவிட்டால் வாயையும் மூடும் மாஸ்க்குக்கு மாறுங்கள்.

"மூச்சு முட்டுது" என்று சொல்லி விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அதிகக் காற்றினால் முட்டுகிறது என்று நினைக்கிறார்கள், பல சமயம் அது நேர்மாறு. தானாக அழுத்தம் மாற்றும் மெஷின்களைச் சிலர் அளவு எதுவும் வைக்காமல் 4 முதல் 20 வரை (சென்டிமீட்டர் நீர் அழுத்தம் என்ற அளவில்) என்று அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். வளர்ந்த ஆளுக்கு 4 என்பது பல சமயம் போதாத காற்று. டாக்டரிடம் சொன்னால் குறைந்தபட்சத்தை ஏற்றுவார், மூச்சை வெளியே விடும்போது அழுத்தம் குறைகிற வசதியைப் போட்டுவிடுவார். காற்றை விழுங்கி வயிறு உப்பினாலும் அவரிடம்தான் போக வேண்டும். நீங்களே எண்களை மாற்றி விளையாடாதீர்கள்: சிலருக்குத் தொண்டை அடைப்பது போக, மூளையே மூச்சு விடச் சொல்ல மறக்கிற வகையும் கலந்திருக்கும், அழுத்தத்தை ஏற்றினால் அது கூடிவிடலாம். முதல் வாரம் பகலில் டிவி பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் போட்டுப் பழகுங்கள். எனக்கு அதுதான் கைகொடுத்தது.

நாலு மணி நேரம் போட்டால் போதும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அமெரிக்காவில் மெடிகேர் காப்பீடு மெஷினுக்குத் தொடர்ந்து பணம் கொடுக்க 30 நாளில் 70 சதவீத இரவுகள், இரவுக்கு 4 மணி நேரம் என்று ஒரு விதி வைத்தது. அது காப்பீட்டுக் கணக்கு, உடம்பின் கணக்கு இல்லை. கனவு வரும் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம், பலருக்கு மூச்சு மோசமாக நிற்பதும் அப்போதுதான், குறிப்பாகப் பெண்களுக்கு. பதினொரு மணிக்குப் போட்டு மூன்று மணிக்குப் பாத்ரூம் போகும்போது கழற்றி வைத்துவிட்டால் முக்கியமான நேரம் முழுவதும் போயிற்று. மதியத் தூக்கத்துக்கும் போட வேண்டும்.

செயலியில் வரும் மதிப்பெண்ணைப் பார்த்து மகிழ்வதும் அப்படித்தான். ரெஸ்மெட் என்ற மெஷின் நிறுவனத்தின் மைஏர் செயலியில் நூற்றுக்கு எழுபது மதிப்பெண், எத்தனை மணி நேரம் போட்டீர்கள் என்பதற்கே போய்விடும், மூச்சு நின்ற கணக்குக்கு ஐந்துதான். நீங்கள் பார்க்க வேண்டியது மெஷின் காட்டும் ஏ.ஹெச்.ஐ. 5-க்குக் கீழே இருக்கிறதா, கசிவு அதிகமில்லையா என்று. இரண்டும் சரியாக இருந்தும் சில வாரங்கள் கழித்தும் பகலில் கண்ணைச் சொருகினால் வேறு காரணம் இருக்கும், சொல்லுங்கள், அதுவரை நெடுந்தூரம் வண்டி ஓட்ட வேண்டாம். இரண்டாம் நாளே புத்துயிர் வந்துவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். எனக்குத் தலைவலி முதல் வாரத்தில் போனது, களைப்பு போக மூன்று மாதம் ஆனது.

மெஷினில் காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர். கேன் தண்ணீரோ கொதிக்கவைத்த குழாய்த் தண்ணீரோ உப்பு படியவைக்கும், பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் மூச்சில் போவதற்குத் தயாரித்தது இல்லை. கிடைக்காத ஊரில் ஓரிரு இரவு தொட்டியைக் காலியாக விட்டு, ஈரப்பதத்தை அணைத்து ஓட்டிக்கொள்ளலாம். ஏசி அறையில் குழாய்க்குள் நீர் கோர்த்து முகத்தில் தெறித்தால் ஈரப்பதத்தைக் குறைத்து, குழாயைப் போர்வைக்குள் விட்டு, மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள். டெட்டால் வேண்டாம், மிதமான சோப்புத் தண்ணீர் போதும். ஓசோன் விட்டுச் சுத்தம் செய்யும் பெட்டிகளைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-லேயே எச்சரித்திருக்கிறது. மின்வெட்டு ஊரில் சைன் வேவ் இன்வெர்ட்டர் பாருங்கள், சூடாக்கும் தொட்டிதான் கரண்டைக் குடிக்கும், அதை அணைத்தால் பேட்டரி வெகுநேரம் தாங்கும். பேஸ்மேக்கர் வைத்தவர் யாராவது பக்கத்தில் படுத்தால் காந்தக் கொக்கி உள்ள மாஸ்க் வேண்டாம். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டு மெஷினையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இனி அண்ணன் மெஷின். இன்னொருவர் மெஷினை வாங்கிப் போடுவதில் சிக்கல், அதில் அவருக்கான அழுத்தம் இருக்கும், மாஸ்க் அவர் முகத்துக்கானது. அதோடு 2021 ஜூனில் ஃபிலிப்ஸ் நிறுவனம் சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரை பொடிந்து மூச்சில் போகலாம் என்று லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றது, பழைய மெஷின் கைமாறும்போது மாடலைச் சரிபார்க்காமல் ஓடவிடக் கூடாது. நான் புதிதாகத்தான் வாங்கினேன். அண்ணனுடையது அந்தப் பட்டியலில் இல்லை என்று பார்த்துவிட்டு, அவரையும் மெஷினையும் என் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்தப் பத்தொன்பது இரவுகளும் உள்ளே மெமரி கார்டில் அப்படியே இருந்தன: மூக்கு மாஸ்க், வாய் வழியே விடிய விடிய கசிவு, குறைந்தபட்ச அழுத்தம் 4. ஃபில்டர் கருத்துக் கிடந்தது, மாஸ்க் ரப்பர் மாதிரி இறுகிவிட்டது, இரண்டையும் மாற்றி, வாயை மூடும் வகை வாங்கி, அழுத்தத்தைத் திருத்தி இரண்டு மாதம் ஆகிறது. தினமும் ஆறு மணி நேரத்துக்குக் குறைவதில்லை. அவருடைய கவலை இப்போது வேறு: கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுவார், ஷேவிங் கிடையாது, தாடி வளர்ந்தால் மாஸ்க் கசியும். டாக்டரிடம் கேட்பதற்காக ஒரு சீட்டில் எழுதி மெஷின் பையிலேயே போட்டு வைத்திருக்கிறார்.