ஸ்டெப்பர் மோட்டார் கனெக்டர்: எங்கே காசு போகிறது?

‘மோட்டார் போயிடுச்சு’ என்று சொல்லி 3டி பிரிண்டரையோ சின்ன சி.என்.சி. மெஷினையோ கொண்டு வருகிறார்கள். மோட்டார் நிஜமாகவே போயிருப்பது அபூர்வம். ஸ்டெப்பர் மோட்டாரில் பேரிங்கைத் தவிர தேய்வதற்கு ஒன்றுமில்லை. கார்பன் பிரஷ் கூடக் கிடையாது. பெரும்பாலும் கோளாறு மோட்டாருக்கும் அதை ஓட்டும் போர்டுக்கும் நடுவில் ஓடும் நாலு வயரிலும், அதன் முனைகளில் இருக்கும் கனெக்டரிலும்தான். அந்தக் கனெக்டரை மாற்றுகிறேன் என்று உட்காரும் புதியவர்களைப் பார்த்தால், நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே கூத்துதான் மறுபடி நடக்கிறது. வயர் நீளம் பத்தவில்லை, ஸ்லீவ் போட மறந்துவிட்டது போன்ற சில்லறை விஷயங்களை விட்டுவிடுகிறேன். அவை தானாகவே புரிந்துவிடும்.

கலரை நம்புவது

நேமா 17 அளவு மோட்டாரில் நாலு வயர், இரண்டு காயில். எந்தக் கலரும் எந்தக் கலரும் ஜோடி என்பதற்குப் பொது விதி கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பல மோட்டார்களில் கறுப்பும் பச்சையும் ஒரு காயில், சிவப்பும் நீலமும் இன்னொன்று. இதை மனப்பாடம் செய்தவர்தான் அடுத்த மோட்டாரில் மாட்டிக்கொள்வார்.

எதிலும் மாட்டாத மோட்டாரை எடுத்து, ஏதாவது இரண்டு வயரின் முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஷாஃப்டை விரலால் சுற்றிப் பாருங்கள். சட்டென்று இறுகினால் அவை ஒரே காயில். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம்: பிரிண்டரில் வரும் மோட்டார்களில் ஒரே காயிலின் இரண்டு முனைக்கும் நடுவே பொதுவாகச் சில ஓம்தான் காட்டும், வேறு காயில் என்றால் ஒன்றுமே காட்டாது.

ஆனால் மோட்டாரில் சோதித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. கேபிளை மாட்டி, போர்டுக்குப் போகும் முனையிலும் சோதிக்க வேண்டும். மோட்டார் பக்கம் ஆறு பின் சாக்கெட் இருந்தால் பெரும்பாலும் 2, 5 இரண்டும் காலியாக இருக்கும். கடையில் விற்கும் கேபிள்களில் சில நேராக வரும், சிலவற்றில் நடு வயர்கள் இரண்டும் இடம் மாறி வரும். பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான். ஏ4988 வகை டிரைவரில் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சிப்) பக்கத்துப் பக்கத்துப் பின்கள்தான் ஒரு காயிலுக்கு. ஜோடி கலைந்தால் மோட்டார் சுற்றாது, நின்ற இடத்திலேயே உதறிக்கொண்டு கத்தும்.

எதிர்த்திசையில் சுற்றுகிறது

அது தவறே இல்லை. ஒரே ஒரு ஜோடியின் இரண்டு வயரையும் தங்களுக்குள் இடம் மாற்றுங்கள், அல்லது ஃபர்ம்வேரில் (போர்டுக்குள் ஓடும் புரோகிராமில்) திசையைத் திருப்பிவிடுங்கள்.

பிளேயரால் நசுக்கி, மேலே சால்டர் வைப்பது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இன்றும் எரிச்சல் வருவது இதற்குத்தான்.

கல்லூரி மாணவர் ஒருவர் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். எக்ஸ்ட்ரூடர் (பிளாஸ்டிக் இழையைத் தள்ளும் பகுதி) அவ்வப்போது ‘டக் டக்’ என்று தவறுகிறதாம், பிளாஸ்டிக் சரியாக வரவில்லையாம். அடைப்பு என்று நினைத்து நாசில் (பிளாஸ்டிக் வெளிவரும் முனை) மாற்றியிருக்கிறார், உள்ளே போகும் டியூப் மாற்றியிருக்கிறார், பல்சக்கரம் மாற்றியிருக்கிறார், கடைசியில் மோட்டாரையே மாற்றிவிட்டார். சத்தம் போகவில்லை. அப்புறம் ஒரு நாள் அந்த மோட்டார் அசையவே இல்லை. டிரைவர் செத்துவிட்டது. அந்த போர்டில் டிரைவர்கள் சாக்கெட்டில் செருகியவை அல்ல, போர்டோடு பற்றவைத்தவை. ஆக, முழு போர்டுக்கும் செலவு.

நான் கேட்டது ஒன்றே ஒன்று: “தம்பி, சத்தம் எல்லா இடத்திலும் வருதா, ஏதாவது ஒரு பக்கம் போகும்போது மட்டும் வருதா?” யோசித்துப் பார்த்துவிட்டு, “வலது ஓரம் போறப்பதாண்ணா” என்றார். அடைத்துக்கொண்ட நாசிலுக்கு வலது, இடது தெரியாது. வயருக்குத் தெரியும். அந்த ஓரத்துக்குப் போகும்போதுதான் கேபிள் இழுபடுகிறது.

கனெக்டர் கூட்டிலிருந்து டெர்மினலை (வயர் முனையில் மாட்டும் சின்ன உலோகத் துண்டு) கழற்றி, போன் கேமராவில் பெரிதாக்கிக் காட்டினேன். டெர்மினலில் இரண்டு ஜோடி இறக்கைகள் உண்டு. முன்ஜோடி தோல் உரித்த செம்பு இழைகளைப் பிடிக்க, பின்ஜோடி வயரின் தோலைப் பிடிக்க. அவர் தோலை மிகக் குறைவாக உரித்திருந்ததால், முன்ஜோடி இறக்கைகளும் தோலின் மேலேயே உட்கார்ந்திருந்தன. நோஸ் பிளேயரால் தட்டையாக நசுக்கியதில் இரண்டு மூன்று இழைகள்தான் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. சந்தேகத்துக்கு மேலே ஒரு சொட்டு சால்டர் வேறு. சால்டர் இழைகளுக்கு உள்ளே ஊறி ஏறி, வயரைக் குச்சி போல் விறைக்க வைத்துவிட்டது. விறைத்த இடம் முடியும் எல்லையில்தான் ஒவ்வொரு அசைவுக்கும் வயர் மடிந்து இழைகள் ஒவ்வொன்றாக முறிந்திருந்தன.

இதற்கும் டிரைவர் சாவதற்கும் என்ன சம்பந்தம்? ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் கனெக்டரைப் பிடுங்கினால் டிரைவர் போகும் என்பது பலருக்குத் தெரியும். காயிலில் ஓடும் கரண்ட் சட்டென்று நிற்காது. பாதை அறுந்தால் அந்த இடத்தில் வோல்டேஜ் எகிறும், சின்னப் பொறியும் பறக்கும். ஏ4988-இன் உச்சவரம்பு 35 வோல்ட். 24 வோல்ட் மெஷினில் மிச்சம் இருப்பது 11 வோல்ட்தான். லூஸ் கிரிம்ப், அதாவது வயரைச் சரியாக நசுக்கிப் பிடிக்காத டெர்மினல், அதே வேலையைத்தான் செய்கிறது, நீங்கள் பார்க்காதபோது, ஒரு பிரிண்டுக்குள் பல முறை. ஒவ்வொரு முறையும் டிரைவர் போய்விடாது. அதனால்தான் பழி நாசில் மேல் விழுகிறது.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? இந்த மெஷின்களில் பரவலாக வரும் ஜே.எஸ்.டி. பி.எச்., எக்ஸ்.எச். வகைக் கனெக்டர்களின் டெர்மினல்களுக்குச் சுமார் 2 மி.மீ. தோல் உரித்தால் போதும். ஒரு இழை கூட அறுந்திருக்கக் கூடாது. அறுந்தால் வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள். ராட்செட் உள்ள கிரிம்பிங் டூல் வாங்குங்கள், சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போனால் கிடைக்கும். ஆனால் ‘எல்லாத்துக்கும் ஆகும்’ என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கிவிடாதீர்கள். பெரிய டெர்மினலுக்கான அச்சில் பி.எச். டெர்மினலை வைத்தால் ஒன்று நெளியும், அல்லது பிடிக்காது. சரியாகக் கிரிம்ப் ஆனதில் முன் இறக்கைகள் இரண்டும் உள்நோக்கிச் சுருண்டு இழைகளுக்குள் இறங்கியிருக்கும். வயரை விரலால் நன்றாகவே இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. கிரிம்ப் செய்யும் முன்னும் இழைகளில் சால்டர் பூசாதீர்கள்: அழுத்தத்தில் அது மெல்ல நகர்ந்து கொடுத்து, பிடி நாளடைவில் தளர்ந்துவிடும்.

வேலை முடிந்ததும் பவரை அணைத்து, கனெக்டரை போர்டிலிருந்து கழற்றி, அந்த முனையில் ஒரு ஜோடிக்கு மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். மீட்டரைப் பார்த்துக்கொண்டே கேபிளை முழு நீளத்துக்கும் ஆட்டுங்கள். எண் குதித்தால் அந்தக் கிரிம்ப் குப்பைக்கு. பீப் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம், இரண்டு இழை தொட்டாலும் அது பீப் அடிக்கும். டி.எம்.சி. 2209 டிரைவரை யூ.ஏ.ஆர்.டி. என்ற சீரியல் தொடர்பு வழியே இணைத்திருந்தால், மார்லின் என்ற பிரிண்டர் ஃபர்ம்வேரில் எம்122 கட்டளை கொடுத்து காயில் அறுந்திருப்பதாகக் காட்டுகிறதா என்றும் பார்க்கலாம். மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது பாருங்கள். நிற்கும்போது சும்மாவே அப்படிக் காட்டலாம்.

பவர் இருக்கும்போது கழற்றுவது

ஏன் என்று மேலேயே சொல்லியாயிற்று. செய்யாதீர்கள்.

அளவு கலப்பது

பி.எச். பின்களுக்கு நடுவே 2 மி.மீ., எக்ஸ்.எச்.-இல் 2.5, டூபான்ட் வகையில் 2.54. கடைசி இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் நாலு பின் டூபான்ட் கூடு எக்ஸ்.எச். பின்களில் செருகிக்கொள்ளும், ஓடவும் செய்யும். ஆனால் பூட்டு கிடையாது, அதிர்வில் மெல்ல மெல்ல மேலே ஏறி வரும். தாங்கும் கரண்டும் வேறு: பி.எச். 2 ஆம்பியர், எக்ஸ்.எச். 3, அதுவும் அதற்கான தடித்த வயர் போட்டால்தான்.

டெர்மினல் கூட்டுக்குள் ‘க்ளிக்’ ஆகாமல் விடுவது

முதுகில் இருக்கும் சின்ன நாக்கு மடங்கியிருந்தால் ஊசியால் நிமிர்த்திவிட்டுச் செருகுங்கள். இல்லாவிட்டால் கனெக்டரை மாட்டும்போது அந்த ஒரு வயர் மட்டும் பின்னால் தள்ளப்படும்.

கேபிளைக் கட்டாமல் விடுவது

மோட்டார் நகரும் மெஷினில் கேபிளின் இழுப்பு கனெக்டரில் விழவே கூடாது. மோட்டார் உடம்பிலோ பிராக்கெட்டிலோ கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். கட்டுக்கும் கனெக்டருக்கும் நடுவில் கொஞ்சம் தொய்வு விடுங்கள். கட்டியபின் பவரை அணைத்து, மெஷினின் நகரும் தலையைக் கையால் மெதுவாக இரண்டு ஓரத்துக்கும் நகர்த்திப் பாருங்கள். வேகமாகத் தள்ளினால் மோட்டாரே ஜெனரேட்டராகி போர்டுக்குள் கரண்ட் அனுப்பும், பவர் இல்லாத போர்டில் லைட் மினுக்குவது அதனால்தான்.