சூரியன் போன வழியை ஆறு மாதம் படம் பிடிப்பது எப்படி: யாழ்ப்பாணத்து அளவுகளோடு

ஒரு சாண் பி.வி.சி. குழாய், ஒரு சோடா ரின், ஒரு தையல் ஊசி, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தாள். லென்ஸ் வேண்டாம், பற்றரி வேண்டாம். இவற்றை வைத்து டிசம்பர் முதல் ஜூன் வரை சூரியன் நடந்த தடம் முழுவதையும் ஒரே தாளில் பதியவைக்கலாம். சோலார்கிராஃப் என்று இதைச் சொல்வார்கள். கமரா இருந்தும் ஒளியின் போக்குப் பிடிபடாமல் நிற்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. துளை, தூரம், திசை, நேரம் என்ற நாலும்தான் படம் என்பது கையால் செய்யும்போதே விளங்கிவிடும்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் ஒரே மாதிரிச் சொல்கின்றன: ரின்னை நிமிர்த்தி, துளையைத் தெற்குப் பார்க்க வைத்துக் கட்டுங்கள். அது அவர்களுடைய ஊருக்குச் சரி. இங்கிலாந்தின் பேஃபோர்ட்பரி வானாய்வகத்தில் 2012இல் கட்டப்பட்ட ஒரு பியர் ரின் 2020 வரை எட்டு வருடம் அப்படியே இருந்து, அடுக்கடுக்கான வளைவுகளோடு ஒரு படத்தைத் தந்தது. அந்தப் பக்கத்தில் டிசம்பர் நண்பகற் சூரியன் 15 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். மார்ச்சில்கூட 38 பாகை. வளைவு முழுவதும் ரின்னுக்குள் விழுந்துவிடும்.

யாழ்ப்பாணம் இருப்பது 9.7 பாகை வட அகலாங்கில். டிசம்பரிலேயே நண்பகற் சூரியன் 57 பாகையில் நிற்கிறது. மார்ச்சில் 80. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி உச்சந்தலைக்கு நேரே வந்து, ஜூனில் வடக்குப் பக்கம் சாய்ந்துவிடும். நிமிர்த்தி வைத்த குழாய் ஏறத்தாழ 42 பாகை உயரம் வரைதான் நேரே பார்க்கும். ஆகவே மார்ச் மாதத்தில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு, பின்னேரம் மூன்று மணி தாண்டும் வரை சூரியன் படத்தில் இருக்காது. தெற்கே பார்க்க வைத்தால் நடுவில் வெறும் வானமும் இரண்டு ஓரத்திலும் துண்டு துண்டான கோடுகளும்தான் மிஞ்சும்.

இங்கே குழாயைப் படுக்கப் போட வேண்டும். நீளப்பாடு வடக்குத் தெற்காகவும், துளை மேற்குப் பக்கமாக 45 பாகை மேலே பார்த்தபடியும் இருக்க வேண்டும். அப்போது தாளின் வளைவு அடிவானத்திலிருந்து உச்சி வரையும் அதற்கு அப்பாலும் போகும். காலை பத்து மணிச் சூரியனிலிருந்து மறையும் சூரியன் வரை உள்ளே விழும். டிசம்பர்க் கோடும் ஜூன் கோடும் தாளின் அகலத்துக்குள் அடங்கிவிடும். அடிவானம் வளையாமல் நேர்கோடாக வருவது இன்னொரு நன்மை. நிமிர்ந்த குழாயை மேல்நோக்கிச் சாய்த்தால் அடிவானம் கிண்ணம் போல் வளைந்துபோகும்.

சாமான்கள்

ஹாட்வெயார் கடையில் 75 மி.மீ. பி.வி.சி. குழாயும் அதற்கான மூடிகள் இரண்டும் வாங்குங்கள். குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 7 செ.மீ. வரும். ஒரு கமராவுக்கு 13 செ.மீ. துண்டு போதும். ஆறு மாத வேலை என்பதால் ஒன்றை மட்டும் செய்து நம்பியிருக்க வேண்டாம், குறைந்தது மூன்று செய்யுங்கள். பியர் ரின், ரின்மீன் ரின் எல்லாம் வேலை செய்யும்தான். ஆனால் ரின்மீன் தகரம் உப்புக்காற்றில் துருவேறும், பியர் ரின் காகம் கொத்தினாலே நெளிந்துவிடும்.

தாள்தான் கவனமாக இருக்க வேண்டிய இடம். வேண்டியது 5க்கு 7 அங்குலக் கறுப்பு வெள்ளை வெள்ளி உப்புத் தாள், அதாவது ஒளி பட்டால் கறுக்கும் தாள். இல்ஃபோர்ட் மல்டிகிரேட் ஆர்.சி. போன்றது. பளபளப்பில்லாத பேர்ல் மேற்பரப்பு நல்லது, உள்ளே ஒளி தெறிப்பது குறையும். கடைகளில் 'ஃபோட்டோ பேப்பர்' என்று கேட்டால் பிரிண்டருக்குரிய இங்க்ஜெட் தாளைத்தான் எடுத்துத் தருவார்கள். அதில் ஒளி படிந்தால் ஒன்றுமே நடக்காது. கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடமோ எடுப்பிப்பதுதான் வழி. காலாவதியான பழைய பெட்டியும் போதும். எடுத்துவருபவரிடம் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மிச்சம்: மெல்லிய அலுமினிய சோடா ரின் ஒன்று, கறுப்பு இன்சுலேஷன் ரேப், 1000ஆம் இலக்க சாண்ட் பேப்பர், பளபளப்பில்லாத கறுப்பு ஸ்பிரே பெயின்ற், கொஞ்சம் வெள்ளைப் பெயின்ற், மருந்துப் போத்தலுக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம்.

ஊசித்துளை

குழாயின் உள்விட்டம் 7 செ.மீ. என்றால் கூர்மையான படத்துக்கு ஏற்ற துளை 0.35 மி.மீ. அளவு. அதைவிடப் பெரிதானால் படம் கலங்கும். மிகச் சிறிதானால் ஒளி துளையின் விளிம்பில் விரிந்து, அப்போதும் கலங்கும். சின்னதாகப் போட்டால் கூர்மை கூடும் என்று நினைத்துத்தான் பலர் முதல் துளையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

சோடா ரின்னிலிருந்து 3 செ.மீ. சதுரம் வெட்டி, ஒரு மட்டை மேல் வைத்து, ஊசி முனையால் நடுவில் ஒரு பள்ளம் மட்டும் விழும்படி அழுத்துங்கள். துளைக்க வேண்டாம். தகட்டைத் திருப்பி, பின்னால் புடைத்திருக்கும் மேட்டை சாண்ட் பேப்பரால் தேயுங்கள். மறுபடி அழுத்தி, மறுபடி தேயுங்கள். மூன்றாவது நாலாவது முறையில் மேடு தேய்ந்து துளை தானாகத் திறக்கும். ஊசியின் நுனியைச் சுழற்றி விளிம்பைச் சீராக்குங்கள். ஒரே குத்தில் போட்ட துளைக்குப் பின்னால் கிழிந்த உதடு நிற்கும், சாய்ந்து வரும் ஒளியை அது மறைக்கும். தகட்டை ஸ்கானரில் அங்குலத்துக்கு 1200 புள்ளி என்ற அளவில் ஸ்கான் செய்தால், 0.35 மி.மீ. துளை பதினாறு பதினேழு பிக்சல் அகலம் காட்டும். வட்டமாக இல்லாவிட்டால் எறிந்துவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள். ஒரு ரின்னில் நிறையச் சதுரம் வெட்டலாம்.

குழாய்

குழாயின் நடுவில் 20 மி.மீ. ஓட்டை வேண்டும். பெரிய துரப்பண அலகு இல்லாவிட்டால் வட்டம் கீறி, சுற்றிவரச் சிறு துளைகள் போட்டு, உடைத்து, அரத்தால் ராவுங்கள். ஓட்டையைச் சிறிதாக விட்டால் குழாய்ச் சுவரின் தடிப்பே ஓரத்து ஒளியை வெட்டிவிடும், அடிவானம் இருளும். உள்பக்கம் கறுப்புப் பெயின்ற், வெளிப்பக்கம் வெள்ளைப் பெயின்ற் அடித்து இரண்டு நாள் காயவிடுங்கள்.

வெள்ளை அழகுக்காக அல்ல. வெயிலில் குழாய் சூடேறினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். திடீரென்று மழை பெய்து குளிர்ந்தால் குழாய் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். துளையில் நிற்கும் நீர்த்துளியும் கூடவே போய்விடும். வெள்ளைக் குழாய் குறைவாகவே சூடேறும். இதே காரணத்துக்காக மூடிகளைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். இறுக்கிச் செருகி விளிம்பில் ரேப் சுற்றினால் காற்று அந்த வழியே கொஞ்சம் போய்வரும். பசை போட்ட மூடியை ஆறு மாதம் கழித்து அறுத்துத்தான் கழற்ற வேண்டிவரும். அந்த அதிர்விலும் தூளிலும் தாள் கீறுப்படும்.

தகட்டைக் குழாயின் வெளிப்பக்கத்தில் வளைத்து, நாலு ஓரமும் ரேப் ஒட்டுங்கள். உள்பக்கம் ஒட்டினால் முன்னால் ஒரு குழி உண்டாகும். குளவி அதில் மண் வைத்துக் கூடு கட்டும், சிலந்தியும் வலை பின்னும். துளையின் மேல் கறுப்பு ரேப் துண்டு ஒன்றை மூடியாக ஒட்டிவையுங்கள். பிறகு இருட்டறையில் குழாய்க்குள் ஃபோன் ரோர்ச்சைப் போட்டு, எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள்.

தாள் போடுதல்

இரவில், யன்னல் மூடிய அறையில், சைக்கிளின் பின் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் செய்யலாம். இந்தத் தாளை நாம் மருந்தில் கழுவப்போவதில்லை; ஆகவே மங்கிய வெளிச்சம் ஒரு நிமிடம் பட்டாலும் கெட்டுவிடாது. ரியூப் லைற்றும் பகல் வெளிச்சமும் மட்டும் ஆகாது. ஒளியுணரும் பக்கம் எது என்று ஐயம் வந்தால், ஈர விரலால் மூலையைத் தொடுங்கள். ஒட்டுகிற பக்கம்தான் அது. அந்தப் பக்கம் துளையைப் பார்க்க வேண்டும்.

7 அங்குலப் பக்கம் வளைவைச் சுற்றிவரும்படி தாளைச் செருகுங்கள். சுற்றளவில் ஏறத்தாழ 4 செ.மீ. இடைவெளி மிஞ்சும், ஊசித்துளை அந்த இடைவெளியின் சரி நடுவில் நிற்க வேண்டும். அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்: தாள் வழுகித் துளையை மறைத்துவிட, ஆறு மாதம் கழித்து வெள்ளைத் தாள்தான் வெளியே வரும். இரண்டு ஓரத்தையும் சிறு ரேப் துண்டுகளால் குழாயோடு ஒட்டி, விரலை விட்டுத் தடவி உறுதிசெய்யுங்கள். சிலிக்கா ஜெல்லைத் துளைக்கு எதிரே வைக்காமல் மூடிக்குள் ஒட்டுங்கள்.

முதல் குழாயை ஒரே ஒரு வெயில் நாள் வைத்துப் பாருங்கள். அந்த ஒரு நாளிலேயே சூரியன் ஒரு கருங்கோடு போட்டிருக்கும். கோடு தாளின் எந்த இடத்தில் விழுந்தது, எங்கே அறுந்தது என்று பார்த்துச் சரிசெய்த பிறகே நீண்ட வேலைக்கு இறங்குங்கள். ஒவ்வொரு குழாய்க்கும் ஓர் இலக்கம் கொடுத்து, துளை அளவு, திசை, சாய்வு, திறந்த திகதி எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிவையுங்கள்.

எங்கே, எப்படிக் கட்டுவது

இரண்டு முனையும் மூடிய குழாய் ஒன்று கம்பத்திலோ மதிலிலோ கட்டப்பட்டிருந்தால் எங்கள் ஊரில் அதைக் காண்பவர் என்ன நினைப்பார் என்று சொல்லத் தேவையில்லை. வீதியோரம், பாலம், கோயில் மதில், துறைமுகம், முகாம் அயல் எதிலும் கட்டக் கூடாது. சொந்த வளவுக்குள், சொந்தக் கட்டடத்தில் மட்டும் கட்டுங்கள். அயல்வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள். 'இது கமரா, திறக்க வேண்டாம்' என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். பாடசாலையிலோ வேறு நிறுவனத்திலோ வைப்பதென்றால் எழுத்தில் அனுமதி பெறுங்கள்.

கிணற்றடித் தண்ணீர்த் தொட்டிக் கட்டும் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரும் நல்ல இடங்கள். பனையில் கட்ட ஆசை வரும். கட்டுவதென்றால் ஆள் உயரத்துக்கு மேல் போகாதீர்கள். சோளகம் வீசத் தொடங்கினால் மேல்மரம் ஆடும், நிலக்காட்சி இரட்டையாகும். தென்னை எந்த உயரத்திலும் சரிவராது. பனையை மேற்கே பத்துப் பதினைந்து மீற்றர் தள்ளி, படத்துக்குள் விடுவதுதான் வடிவு. சாயும் கோடுகளுக்கு எதிரே அதன் வட்ட ஓலைக் கொண்டை கருநிழலாக நிற்கும்.

கட்டுவதற்குக் கல்வனைஸ் கட்டுக்கம்பி எடுங்கள். வெள்ளை நைலோன் கேபிள் ரை வெயிலில் சில மாதத்திலேயே நொறுங்கிவிடும். வடக்குத் தெற்குப் பார்க்க ஃபோன் திசைகாட்டி போதும், ஆனால் கொங்கிறீற்றுக்குள் இருக்கும் இரும்பு அதைக் குழப்பும். டிசம்பர் 21 அன்று மதியம் 12.08 அளவில், நேரே நட்ட கம்பின் நிழல் காட்டும் திசைதான் சரியான வடக்கு. சாய்வுக்கு, சதுரத் தாள் ஒன்றை மூலைக்கு மூலை மடித்தால் 45 பாகை கிடைக்கும். அதை மூடியில் வைத்து, கல் கட்டிய நூலோடு ஒப்பிட்டுக் குழாயைத் திருப்புங்கள். இறுக்கிக் கட்டிய பிறகு துளை மேல் ஒட்டிய ரேப்பை உரித்துவிடுங்கள்.

மேற்கைத் தேர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் மழை வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து அடிக்கும். மேற்குப் பார்த்த துளை அதற்கு முதுகு காட்டி நிற்கும். ஜூனில் தொடங்கி டிசம்பரில் முடிக்கும் குழாய் கடைசி மூன்று மாதமும் மாரியில் நனையும். முதல் முயற்சிக்கு டிசம்பர் முதல் ஜூன் வரையான அரையாண்டே ஏற்றது.

கோடுகள் ஒட்டிக்கொண்டால்

மார்ச்சில் சூரியன் நாளொன்றுக்கு 0.4 பாகை வடக்கே நகரும். சூரியனின் அகலமோ அரைப் பாகை. ஆகவே தொடர்ந்து வெயில் எறித்தால் இன்றைய கோடும் நாளைய கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழும். மற்ற ஊர்களின் படங்களில் தனித்தனிக் கோடு தெரிவதற்கு முகில் மறைத்த நாட்கள்தான் பெரும்பாலும் காரணம். எங்கள் பெப்ரவரி, மார்ச் வானத்தில் அந்த இடைவெளி குறைவு. ஒரே பட்டையாக வரக்கூடும். கோடுகள் பிரிந்து தெரிய வேண்டுமென்றால் ஒரு குழாயின் துளையை வாரத்தில் ஒரு நாள் மட்டும் திறவுங்கள். மார்ச்சில் கோட்டுக்குக் கோடு 3.5 மி.மீ. இடைவெளி விழும். டிசம்பர் கடைசியிலும் ஜூனிலும் சூரியன் நகர்வதே தெரியாது, அங்கே என்ன செய்தாலும் நெருங்கித்தான் இருக்கும். ரேப்பை உரிக்கும்போது குழாய் அசையாமல் மறுகையால் பிடித்துக்கொள்ளுங்கள். நிலக்காட்சி மற்றக் குழாயில் இருப்பதைவிட மங்கலாக வரும்.

எடுத்த பிறகு

ஜூன் 21க்குப் பிறகு துளையை ரேப்பால் மூடி, கழற்றி, இரவில் திறவுங்கள். தாளில் மங்கிய நெகற்றிவ் படம் கண்ணுக்கே தெரியும். உடனே மருந்தில் போட ஆசைப்படாதீர்கள். டெவலப்பரில் போட்டால் தாள் முழுவதும் கறுக்கும், ஃபிக்ஸரில் போட்டால் படம் வெளிறிப்போகும். ஈரமாக இருந்தால் ஒளியுணரும் பக்கம் எதிலும் படாமல் இருட்டில் கிடத்திக் காயவிடுங்கள். துடைத்தால் ஜெலற்றின் உரிந்துவரும்.

ஸ்கானர் விளக்கும் ஒளிதான். ஒவ்வொரு முறையும் தாள் இன்னும் கொஞ்சம் கறுக்கும். அதனால் முன்னோட்டம் பார்க்காமல், வேறு தாளை வைத்து அளவுகளை முன்பே சரிசெய்துவிட்டு, நேரே கலரில், அங்குலத்துக்கு 600 புள்ளியில், ஒரே முறை ஸ்கான் செய்யுங்கள். 4200க்கு 3000 பிக்சல் கிடைக்கும். பிறகு ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளில் நிறங்களை எதிராக்கி, 180 பாகை சுழற்றி, இடம் வலம் மாற்றுங்கள். கடைசிப் படி பலருக்குத் தவறுகிறது. ஒளியுணரும் பக்கத்தைப் பார்த்து ஸ்கான் செய்த படம் கண்ணாடியில் தெரிவது போல்தான் இருக்கும்; மாற்றாவிட்டால் டிசம்பர்க் கோடு வடக்கே கிடக்கும்.

கோடுகளின் நடுவில் பழுப்புத் திட்டு இருந்தால் நீர் போயிருக்கிறது. ஒரு பக்கம் முழுவதும் கறுத்திருந்தால் மூடியால் ஒளி கசிந்திருக்கிறது. எல்லாக் கோடும் ஒரே திகதியில் இடம் பெயர்ந்திருந்தால் அன்று கட்டுக்கம்பி தளர்ந்திருக்கிறது. கோடுகளை எண்ணிக் கொப்பியோடு ஒப்பிட்டால் எந்த வாரம் என்றுகூடக் கண்டுபிடிக்கலாம். மூலத் தாளை அது வந்த கறுப்புப் பைக்குள் திரும்ப வைத்து, குழாயின் இலக்கத்தைப் பைமேல் எழுதி, ஈரமில்லாத அலுமாரியில் வையுங்கள்.