மீன் கடைக் கணக்குக்கு எந்தத் தரவுத்தளம்? வணிகமா, திறமூலமா: படிப்படியாக

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தொண்டி என்று நம் கரையில் மீன் கமிஷன் கடையும் ஐஸ் கம்பெனியும் நடத்துகிறவர்கள் நோட்டை விட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறும்போது முதலில் கேட்பது இதைத்தான்: "ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் மாதிரி காசு கொடுத்து வாங்கணுமா, போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் மாதிரி சும்மா கிடைப்பதே போதுமா?"

நான்குமே தரவுத்தளங்கள், அதாவது கணக்கை அட்டவணைகளாகச் சேமித்து, கேட்டதும் எடுத்துத் தரும் மென்பொருள்கள். முதல் இரண்டும் வணிகம்; பின் இரண்டும் திறமூலம், அதாவது மூலநிரல் (மென்பொருளை எழுதிய நிரல்) எல்லோருக்கும் திறந்திருப்பவை. விலையிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு. போட்ட கணக்கை நாளைக்கு வேறு இடத்துக்கு முழுசாக எடுத்துப் போக முடியுமா? மிஷின் படுத்துவிட்டால், ஏலம் தொடங்குவதற்குள் அதைத் திரும்ப ஓட வைக்க யார் இருக்கிறார்? இந்த இரண்டுக்கும் பதில் தேடித்தான் கீழே உள்ள படிகள்.

படி 1: ஒரே ஒரு ஏலச் சீட்டை எடுத்துப் பிரியுங்கள்

கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாள் போதும். தேதி, படகு எண், மீன், எடை, கிலோ விலை, வாங்கிய வியாபாரி, கமிஷன், படகுக்காரருக்குக் கொடுத்த முன்பணத்தில் கழித்தது என்று சீட்டில் இருப்பதை எல்லாம் வரிசையாக எழுதுங்கள். இனி ஒரு வாரத்துச் சீட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மீனை ஒருவர் 'சீலா' என்றும் இன்னொருவர் 'வஞ்சிரம்' என்றும் எழுதியிருப்பார். இதை அப்படியே ஏற்றினால் மாதக் கடைசியில் மொத்தம் இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஆகவே மீன்களுக்குத் தனியாக ஓர் அட்டவணை போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, சீட்டில் அந்த எண்ணை மட்டும் வையுங்கள். படகுக்கும் வியாபாரிக்கும் இதே முறைதான்.

இன்னொன்று, பணம் எழுதும் நெடுவரிசைக்கு, எண்ணை அப்படியே வைக்கும் 'நியூமெரிக்' (numeric) வகையை வையுங்கள், தோராயமாக வைக்கும் 'ஃப்ளோட்' (float) வேண்டாம். ஃப்ளோட்டில் 0.1 என்ற எண்ணையே சரியாக எழுதி வைக்க முடியாது, நாள் போகப்போக பைசா உதைக்கும்.

இந்த வேலையை எந்தக் கம்பெனி தரவுத்தளமும் உங்களுக்காகச் செய்து தராது. இதைச் சரியாகச் செய்துவிட்டால், பின்னால் தரவுத்தளத்தை மாற்றுவதும் சுலபம்.

படி 2: எவ்வளவு சேரும் என்று கூட்டிப் பாருங்கள்

ராமேஸ்வரத்தில் விசைப்படகு திங்கள், புதன், சனி கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் கரைக்கு வருகிறது, மற்ற நாட்களில் நாட்டுப்படகு. தாராளமாகவே வைத்துக்கொள்வோம்: நாளுக்கு 200 சீட்டு, வருஷத்தில் 300 நாள், மொத்தம் 60,000 வரிசை. ஒரு வரிசைக்கு 500 பைட் என்றால் வருஷத்துக்கு 30 எம்பி, பத்து வருஷத்துக்கு 300 எம்பி. தேடுதலை வேகமாக்கும் இன்டெக்ஸ்களையும் சேர்த்து இரண்டு மடங்கு என்றாலும் ஒரு ஜிபியைத் தாண்டாது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வணிகத் தரவுத்தளங்களிலும் விலையில்லாப் பதிப்பு உண்டு. எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸின் 2022 பதிப்பில் ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி வரை அனுமதி. ஆரக்கிளின் இலவசப் பதிப்பில் 12 ஜிபி தரவு, 2 ஜிபி நினைவகம். ஆக ஒரு கடைக் கணக்குக்கு அளவு ஒரு பிரச்சினையே இல்லை. "உங்கள் தரவு பெருசு, பெரிய லைசன்ஸ்தான் வாங்கணும்" என்று யாராவது சொன்னால் இந்தக் கூட்டலை அவர் முன்னால் வையுங்கள்.

படி 3: ஒரே நேரத்தில் எத்தனை பேர் எழுதுவார்கள்?

கடையில் ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆள் என்றால் எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளம் போதும். 2000-இல் வந்தது, யாருக்கும் உரிமை இல்லாமல் பொதுச் சொத்தாகவே விடப்பட்டது. தரவு முழுதும் ஒரே கோப்பில் இருக்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். கரையில் ஒரு பையன் எடை போட்டு மொபைலில் ஏற்ற, கடையில் இன்னொருவர் பில் அடிக்க, ஐஸ் கம்பெனியில் மூன்றாமவர் பற்று எழுதுகிறார் என்றால், ஒரு கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டு பலரையும் ஒரே நேரத்தில் எழுத விடும் சர்வர் வகை வேண்டும்: போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, எஸ்க்யூஎல் சர்வர், ஆரக்கிள். எஸ்க்யூலைட் கோப்பை நெட்வொர்க் ஃபோல்டரில் போட்டு மூன்று பேர் திறக்க வேண்டவே வேண்டாம், கோப்பு கெட்டுப் போகலாம்.

படி 4: லைசன்ஸைப் படியுங்கள்

'இலவசம்' வேறு, 'திறமூலம்' வேறு. எக்ஸ்பிரஸ் பதிப்புக்குக் காசு இல்லை, ஆனால் அதன் மூலநிரல் மூடியே இருக்கிறது, வரம்பை வைப்பதும் மாற்றுவதும் கம்பெனிதான். எஸ்க்யூஎல் சர்வரின் டெவலப்பர் பதிப்பும் இலவசம்தான், ஆனால் கற்கவும் சோதிக்கவும் மட்டும். கடையில் ஓட்டினால் லைசன்ஸ் மீறல். கட்டணப் பதிப்பை கோர் (பிராசசரின் கணக்கிடும் பிரிவு) கணக்கில் வாங்கினால், ஒரு சர்வருக்குக் குறைந்தது நான்கு கோர். ஆரக்கிளில் லைசன்ஸ் விலையோடு முடியாது, ஆதரவுக்கு வருஷா வருஷம் அதில் 22 சதவீதம் கட்ட வேண்டியிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும்போதும் அந்த ஆதரவுக் கட்டணம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

போஸ்ட்கிரெஸ் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வந்தது, எந்தத் தனிக் கம்பெனியின் சொத்தும் இல்லை. மைஎஸ்க்யூஎல் திறமூலம்தான், ஆனால் 2010 முதல் ஆரக்கிளின் கையில். அது பிடிக்காமல் அதை உருவாக்கியவர்களில் ஒருவரே பிரிந்து தொடங்கியது மரியாடிபி. இப்படிப் பிரிந்து போக முடிவதே திறமூலத்தின் பெரிய பலம். உங்கள் கடைக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது.

அப்படியானால் காசு கொடுத்து வாங்குவது எப்போது சரி? நீங்கள் ஏற்கெனவே வாங்கியிருக்கும் பில்லிங் மென்பொருள் எஸ்க்யூஎல் சர்வரில்தான் ஓடும் என்றால், அதோடேயே போங்கள், மாற்றிக் கட்டுவது வீண் செலவு. ஏற்றுமதிக் கம்பெனியாக வளர்ந்து, நின்றால் நஷ்டம் லட்சக்கணக்கில் என்று ஆகிவிட்டால், எழுதிக் கொடுத்த ஆதரவு ஒப்பந்தத்துக்கு மதிப்பு உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை போஸ்ட்கிரெஸ். ஆனால் உங்கள் ஊரில் கூப்பிட்டால் வந்து நிற்கக்கூடிய பையனுக்கு மைஎஸ்க்யூஎல்தான் தெரியும் என்றால், மைஎஸ்க்யூஎல்லே சரி. ஆள் இருப்பது பெரிய விஷயம்.

படி 5: தமிழில் பெயர் போட்டுப் பாருங்கள்

நிறுவியதும் ஒரு சோதனை அட்டவணை திறந்து 'கமால்', 'கனி' என்று இரண்டு பெயர் ஏற்றி, பெயர் வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். நம் நெடுங்கணக்கில் ம முன்னால், ன கடைசி. எனவே கமால்தான் முதலில் வர வேண்டும். வெறும் யூனிகோடு எண்ணை (கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்) வைத்து அடுக்கும் தரவுத்தளம், அதில் ன முன்னால் இருப்பதால், கனியை முதலில் காட்டும். எஸ்க்யூலைட்டின் இயல்பு இதுதான். போஸ்ட்கிரெஸில் 'டிஏ-எக்ஸ்-ஐசியு' (ta-x-icu) என்ற தமிழ் அடுக்குமுறையைக் குறிப்பிட்டால் சரியாக வரும்.

எஸ்க்யூஎல் சர்வரில் பெயருக்குப் பதில் கேள்விக்குறிகள் வந்தால் பதற வேண்டாம். நெடுவரிசையை 'என்வார்கேர்' (nvarchar) வகையாக வையுங்கள், கட்டளையில் தமிழ்ச் சொல்லின் மேற்கோள் குறிக்கு முன்னால் ஆங்கில எழுத்து 'என்' (N) போடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் எழுத்துமுறையாக 'யுடிஎஃப்8எம்பி4' (utf8mb4) தேர்ந்தெடுங்கள்.

படி 6: எடுத்து, அழித்து, திரும்ப ஏற்றுங்கள்

உப்புக்காற்றில் ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் போகும், மின்வெட்டும் நமக்குப் புதிதில்லை. போஸ்ட்கிரெஸில் 'பிஜி டம்ப்' (pg_dump) கருவியால் தினமும் இரவு ஒரு நகல் எடுத்து, அதை மதுரையில் இருக்கும் உறவினர் வீட்டுக்கோ கிளவுடுக்கோ அனுப்புங்கள், கடையிலேயே வைக்காதீர்கள். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் தானாக நேரம் வைத்து நகல் எடுக்கும் 'ஏஜென்ட்' கிடையாது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் நீங்களே அமைக்க வேண்டும்.

அப்புறம் முக்கியமான சோதனை. வேறொரு கம்ப்யூட்டரில் அந்த நகலை ஏற்றி, ஒரு நாள் ஏலத்தின் மொத்தத்தைக் கூட்டி நோட்டோடு ஒப்பிடுங்கள். அட்டவணைகளை வெறும் சிஎஸ்வி கோப்பாகவும் (வேறு மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய எழுத்துக் கோப்பு) வெளியே எடுத்துப் பாருங்கள். பழைய கணக்கு கைக்கு எட்ட இருப்பது ஏன் முக்கியம் என்றால், இறால், கணவாய் ஐரோப்பாவுக்குப் போனால் பிடிப்புச் சான்றிதழ் கேட்பார்கள், எந்தப் படகு என்று பழைய சீட்டைத் தேடி எடுக்க வேண்டிவரும். இந்த இரண்டு சோதனையிலும் தோற்கிற தரவுத்தளத்தை, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், வாங்காதீர்கள்.

மாறுவதற்குத் தடைக்காலம் தோதான நேரம். ஏப்ரல் கடைசியில் நிறுவி, மே மாதம் பழைய சீட்டுகளை ஏற்றிப் பழகுங்கள். ஜூன் 15-க்குப் பிறகு ஒரு மாதம் நோட்டும் கம்ப்யூட்டரும் இரண்டும் ஓடட்டும். தினசரி மொத்தம் இரண்டிலும் ஒன்றாக வந்துகொண்டே இருந்தால் நோட்டை நிறுத்தலாம்.